அயல்நாட்டில் மொழியாசிரியனும் அடங்கா மாணாக்கரும்

நம் கலாசாலையில் தமிழ் பயின்று பட்டம் பெற்றோருள் சிலர் கடல் கடந்து சென்று ஆசிரியத் தொழிலை மேற்கொள்வது வழக்கமாயிருக்கிறது. புறப்படுமுன் அவர்கள் எம்மைக் கண்டு வினாவுவன இலக்கணத்தைப் பற்றியனவும் அல்ல. சம்பளத்தைப் பற்றியனவும் அல்ல. “அவ்விடத்துப் பிள்ளைகள் அடங்குவார்களா? பெற்றோர் சண்டைக்கு வருவார்களாமே, உண்மைதானா?” என்பனவே அவர்தம் வினாக்கள். தனித்தனியே பலமுறை கூறிய விடையை ஒருமுறை எழுதிவைத்தல் நலமென்று தோன்றியமையின் இதனை வரையத் துணிந்தோம். யாம் தருமபுரி மாவட்டத்து மாரண்டஹள்ளியிற் பிறந்தோம். அப்பக்கத்திலேயே சில ஆண்டுகளும், பின்னர்ச் சிங்கப்பூரிற் சில ஆண்டுகளும் தமிழ் கற்பித்தோம். ஈரிடத்தும் யாம் செய்த பிழைகளே ஈண்டுக் கூறுவனவற்றிற் பெரும்பாலானவற்றுக்கு ஆதாரம்.

அயல்நாட்டைப் பற்றிக் கூறப்புகுந்தோர் சொந்த ஊரை முதலிற் பேசுவது ஏன் என்று நண்பர்கள் கேட்கலாம். காரணம் உண்டு. மாரண்டஹள்ளி, பாலக்கோட்டுக்கும் இராயக்கோட்டைக்கும் இடையே, கன்னட நாட்டின் எல்லைக்கு அணித்தாக உள்ள ஊர். கடைத்தெருவில் தமிழ் வழங்கும். ஆயினும் வீட்டுக்குள் தெலுங்கோ கன்னடமோ பேசுங் குடும்பங்கள் அப்பக்கத்திற் பல. ஊர்ப்பெயரின் ஈற்றிலுள்ள ‘ஹள்ளி’ என்பதே கன்னடச் சொல். பழங்கன்னடத்தில் மொழிமுதலில் நின்ற பகரம் பிற்காலத்தில் ஹகரமாகத் திரிந்தது. நம் ‘பால்’ அவர்க்கு ‘ஹாலு’. நம் ‘பத்து’ அவர்க்கு ‘ஹத்து’. நம் ‘பள்ளி’யே அவர்க்கு ‘ஹள்ளி’. இத்தகைய ஊரில் தமிழாசிரியனாய் இருப்பவன், தாய்மொழி வேறாகவுடைய பிள்ளைக்கு மொழி கற்பிக்கும் தொழிலைக் கப்பலேறாமலே கற்றுக்கொள்ளலாம். யாம் அந்நல்வாய்ப்பை இழந்தோம். இழந்த விதத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

எம்முடைய வகுப்பில் தெலுங்கு பேசும் வீட்டுப்பிள்ளை ஒருவன் இருந்தான். வயது பன்னிரண்டு இருக்கும். ஒருநாள் பாடத்தை உரக்கப் படிக்கச் சொன்னபோது, ‘மழை’ என்னுஞ் சொல்லை ‘மளை’ என்று படித்தான். வகுப்புச் சிரித்தது. யாமோ அச்சிரிப்பை அடக்காமல், அவனை எழுந்து நிற்கச்செய்து அச்சொல்லைப் பத்துமுறை சொல்லச் சொன்னோம். பத்துமுறையும் பிழையாகவே வந்தது, பத்துமுறையும் சிரிப்பெழுந்தது. அடுத்த வாரத்தினின்று அவன் முழு அடங்காப்பிள்ளை ஆனான். புத்தகம் கொண்டுவாரான், அருகிலிருப்பவனைக் கிள்ளுவான், வினாவினால் கூரையைப் பார்ப்பான். ஆளனுப்பி அவன் தந்தையை வரவழைத்தோம். அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாயிற்படிக்கு வெளியிலேயே நின்று, “சார், வீட்டிலே நாங்கள் பேசுவது தெலுங்குதான். அவனை வேண்டுமானால் இரண்டு அடி அடியுங்கள், பிள்ளைகளுக்கு எதிரில் மட்டும் சிரிக்க வைக்காதீர்கள்,” என்றார். படியாத தந்தை எமக்குப் போதனை செய்வதா என்ற செருக்கினால், “தமிழ்நாட்டில் இருந்துகொண்டு தமிழ் தெரியாதென்று சொல்வது வெட்கம் அல்லவா?” என்று விடையிறுத்தோம். அவர் ஒன்றுஞ் சொல்லாமற் சென்றார். அவ்வாண்டின் இறுதிக்குள் பையன் பள்ளியை விட்டு நின்றுவிட்டான்.

இனி, பிடிவாதமுள்ள மாணாக்கரைப் பற்றி நம் முன்னோர் யாது கருதினர் என்று பார்ப்போம். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியர், மாணாக்கர் இருவர் இலக்கணத்தையும் விரித்துரைக்கின்றது. அன்னமும் பசுவும் போல்வார் தலைமாணாக்கர். மண்ணும் கிளியும் போல்வார் இடைமாணாக்கர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போல்வார் கடைமாணாக்கர். இம்மட்டோடு நில்லாமல், கட்குடியன், சோம்பன், செருக்குடையோன், சினமுடையோன், உறக்கத்தான், மந்தபுத்தியோன் முதலியோருக்கு நூல் கற்பித்தலே ஆகாது என்றும் அந்நூல் விலக்குகின்றது. விரும்பி வந்தவருள்ளும் தகுந்தவரைத் தேர்ந்து கற்பித்த காலத்து விதி அது.

இக்காலத்து ஆசிரியனுக்கு அவ்வுரிமை இல்லை, இல்லாமையே நன்று. நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டின் கல்வியுரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரையுள்ள எல்லாப் பிள்ளைகளையும் பள்ளிக்கு உரியவராக்கியது. உடலை வருத்துந் தண்டனையையும் உள்ளத்தை வருத்துந் தொல்லையையும் ஒருங்கே விலக்கியது. 2006-ஆம் ஆண்டின் தமிழ் கற்றற் சட்டம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. சிங்கப்பூரில் 2003 முதல் தொடக்கக்கல்வி கட்டாயமாயிற்று. அங்கே பிள்ளைகள் ஆங்கிலத்தோடு தத்தம் தாய்மொழியெனக் கொள்ளப்படுவதையும் பயிலவேண்டும். ஆகவே வகுப்பிலுள்ள அன்னமும் நெய்யரியும் தாமாக விரும்பி வந்தவர் அல்லர், சட்டத்தாற் கொண்டுவரப்பட்டவர். தாம் கேட்டுப் பெறாத பொருளைக் கையில் திணித்தால் ஒருவன் முகஞ்சுளிப்பது இயல்பேயன்றோ?

அடங்கா மாணாக்கர் நம் காலத்திற்கே உரியவர் என்றெண்ணுவதும் பிழை. 1812-ஆம் ஆண்டிற் சென்னையில் எல்லிஸ் துரையின் முயற்சியால் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. கும்பினியாரின் ஆட்சித்தொழிலுக்கென இங்கிலாந்தினின்று வந்த இளைஞர்க்குத் தமிழும் தெலுங்கும் பிறவும் அங்கே கற்பிக்கப்பட்டன. தாண்டவராய முதலியார் போன்ற புலவர் அங்கே ஆசிரியராய் இருந்தனர். அவ்வகுப்பின் நிலையைச் சற்றே எண்ணிப்பாருங்கள். மாணாக்கன் ஆளும் இனத்தவன். ஆசிரியனோ அவ்வாட்சியின் கீழ் வாழ்பவன். அதட்டவும் இயலாது; தண்டிக்கவும் இயலாது. எனினும் கற்றல் நடைபெற்றது. காரணம், மொழித்தேர்விற் தேறினாலன்றி உத்தியோகத்தில் மேற்செல்லுதல் அரிது என்பதை மாணாக்கன் அறிந்திருந்தான். பின்னாளில், 1839-இல் தமிழ்நாட்டுக்கு வந்து சாயர்புரம் முதலிய இடங்களிற் பள்ளி நடத்திக் கண்டிப்புக்குப் பெயர்பெற்ற ஜி. யூ. போப் ஐயர், தம் முதுமையில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்திலே தமிழும் தெலுங்கும் கற்பித்தார். அவர்பாற் பயின்றோருள் இந்திய ஆட்சிப்பணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இளைஞரும் இருந்தனர். அவர்க்கும் மொழி ஒரு பயனுக்கு வாயிலாயிருந்தது. பயன் கண்ணுக்குத் தெரியுமிடத்து அடக்கம் தானே வரும். தெரியாவிடத்துப் பிரம்பினால் வருவது அடக்கமன்று, அச்சமே.

அவ்வாறாயின், சிங்கப்பூரிலே பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தமிழின் பயன் யாதெனத் தெரிகிறது? தமிழ் அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. நாணயத்தாளிலும் தொடர்வண்டி நிலையப் பலகையிலும் தமிழெழுத்தைக் காணலாம். ஆயினும் கணிதமும் அறிவியலும் அவன் பயில்வது ஆங்கிலத்தில். விளையாடுவதும் சண்டையிடுவதும் ஆங்கிலத்தில். 2010-ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழே என்றவர் ஐந்து வயதுக்கு மேற்பட்ட குடிவாசிகளுள் நூற்றுக்கு 3.3 பேர், 2020-இல் அது 2.5 ஆகக் குறைந்தது. தம் பள்ளியில் தமிழ் வகுப்பில்லாத மாணாக்கர் மாலை வேளையில் உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் போன்ற இடங்களுக்குச் சென்று பயில்கின்றனர். காலை முதற் படித்துக் களைத்த பிள்ளை, நண்பர் பந்தாடச் செல்லுங்கால் தான்மட்டும் பேருந்தேறி வருகின்றான். அவன் மேசைமேல் தலை சாய்த்திருப்பதைக் கண்டவுடன் ‘மரியாதை அறியாதவன்’ என்று தீர்ப்பெழுதிவிடல் ஆகாது.

எமது அனுபவத்தில், மொழிவகுப்பிற் பிள்ளைகள் எதிர்ப்பதற்குக் காரணங்கள் மூன்று. முதலாவது, வெட்கம். சீனப்பிள்ளைக்குத் தமிழ் தெரியாவிடில் எவரும் நகையார். தமிழ்ப்பெயர் தாங்கிய பிள்ளைக்குத் தெரியாவிடில், “இதுகூடத் தெரியாதா?” என்பார். தனக்குரியதென்று உலகம் கூறும் ஒன்று தன்னிடம் இல்லையே என்னும் வெட்கத்தைப் பிள்ளை மறைக்க வேண்டும். மறைக்கும் வழிகளுள் எளியது குறும்பு செய்தல். அறியாதவன் என்று பெயரெடுப்பதினும் அடங்காதவன் என்று பெயரெடுப்பது அவ்வயதில் அவனுக்குக் கௌரவமாகத் தோன்றுகிறது.

இரண்டாவது, எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தூரம். வீட்டில் ‘வந்துட்டாங்க’ என்று கேட்ட பிள்ளை, வகுப்பில் ‘வந்துவிட்டார்கள்’ என்பதைக் காண்கிறான். அவன் அறிந்த சிறிதளவு தமிழையும் ஆசிரியர் பிழையென்று அடிக்கும்போது, ‘எனக்குத் தமிழே தெரியாது’ என்னும் முடிவுக்கு வந்துவிடுகிறான். இத்துன்பத்தை உணர்ந்தே, 2005-ஆம் ஆண்டிற் சிங்கப்பூரிற் பாடத்திட்டத்தை ஆராய்ந்த குழுவினர் நல்ல பேச்சுத்தமிழுக்கு வகுப்பில் இடந்தரல் வேண்டுமெனப் பரிந்துரைத்தனர். மூன்றாவது, முன்னே கூறியவாறு பயன் தெரியாமை.

இம்மூன்றனுள் வெட்கமே வேர் என்பதை யாம் உணர்ந்தது நூலிலிருந்தன்று. சிங்கப்பூரிற் பணியேற்ற முதல் மாதத்தில், உயர்நிலை இரண்டாம் ஆண்டு வகுப்பொன்றில் ஒரு மாணாக்கன் கடைசி வரிசையில் அமர்ந்து, தமிழில் எதைக் கேட்டாலும் ஆங்கிலத்தில் விடை சொல்வான். யாம் திரும்பிக் கரும்பலகையில் எழுதும்போது எம் குரலைப் போலவே பேசிக்காட்டுவான். ஒருநாள் யாம் ‘தோ பாயோ’ என்னும் பேட்டையின் பெயரை எழுத்தைப் பார்த்து எம் மனம்போனபடி உச்சரித்தோம். வகுப்பு முழுதும் விழுந்து விழுந்து சிரித்தது. அவன் எழுந்து நின்று எம் உச்சரிப்பை மீண்டுஞ் சொல்லிக் காட்டினான், மீண்டுஞ் சிரிப்பு. எம் முகம் சுட்டது. கை மேசைமேல் ஓங்கிய அந்நொடியில், மாரண்டஹள்ளி வகுப்பறையில் பத்துமுறை ‘மளை’ என்று சொல்லி நின்ற பையன் எம் கண்முன் வந்தான். அவன் நின்ற இடத்தில் அன்று யாம் நின்றோம்.

கையை இறக்கிக்கொண்டு, “தம்பி, சரியாக எப்படிச் சொல்லவேண்டும்? எனக்குச் சொல்லிக்கொடு,” என்றோம். அவன் திகைத்தான். பின்னர் மெதுவாகச் சொன்னான். யாம் சொன்னோம்; தவறென்றான். மூன்றாம் முறை சரியாயிற்று. “நாள்தோறும் எனக்கு ஓர் ஊர்ப்பெயர் நீ கற்பிக்க வேண்டும், நான் உனக்கு ஒரு சொல் கற்பிப்பேன்,” என்று உடன்படிக்கை செய்துகொண்டோம். அவன் அன்றே திருந்திவிட்டான் என்று எழுத எமக்கு ஆசைதான். ஆயின் உண்மை அதுவன்று. அவ்வாண்டு முழுதும் அவன் குறும்பு செய்துகொண்டேயிருந்தான். ஆனால் தமிழில் செய்தான். எமக்கு அது போதுமானதாயிருந்தது.

அன்றுமுதல் யாம் கைக்கொண்ட முறைகள் சிலவற்றை வரிசையாகக் கூறுவோம். ஒருவனை எழுப்பி உரக்கப் படிக்கச் சொல்லுமுன், அப்பகுதியை அருகிலிருப்பவனோடு தாழ்ந்த குரலில் ஒருமுறை படித்துக்கொள்ள நேரம் கொடுத்தோம். பிறர் பிழையைக் கண்டு சிரித்தல் கூடாதென்னும் ஒரேயொரு விதியை ஆண்டின் முதல் நாளே சொல்லி, அதை மீறுவோரிடத்து மட்டும் தயையின்றி நடந்தோம். பிள்ளை பேச்சுத்தமிழிற் கூறிய விடையை ‘சரி’ என்று முதலில் ஏற்றுக்கொண்டு, “இதையே எழுதும்போது எப்படி எழுதலாம்?” என்று பின்னர்க் கேட்டோம். ஒரு கட்டுரையில் இருபது பிழையிருப்பினும் இரண்டையே குறித்தோம்; அவ்விரண்டும் மறைந்தபின் வேறிரண்டு. வீட்டுமொழி வேறாகவுடைய பிள்ளையிடம் அவன் மொழிச்சொல்லைக் கேட்டு வாங்கிப் பலகையில் எழுதினோம். ‘பத்து’ என்பதற்குத் தெலுங்கில் ‘பதி’, கன்னடத்தில் ‘ஹத்து’ என்று மூன்றையும் அருகருகே எழுதியவுடன், அதுகாறும் குறையெனத் தோன்றியது அப்பிள்ளைக்குச் செல்வமாகிறது. மாரண்டஹள்ளியில் எமக்கு இது தோன்றியிருக்கவேண்டும். ஊர்ப்பெயரே அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

கண்டிப்பு வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் கண்டிப்பு வேறு, கோபம் வேறு. குறும்பு செய்வோனை வகுப்பின் நடுவே வாதுக்கு இழுத்தால், அவனுக்குச் சபை கிடைத்துவிடுகிறது. முதன்முறை அருகிற் சென்று நின்றாற் போதும். இரண்டாம் முறை இடம் மாற்றுக. மூன்றாம் முறை மணியடித்தபின் தனியே நிறுத்தி, செய்தது இன்னதென்று ஒரு வாக்கியத்திற் கூறி, நாளை செய்யவேண்டுவது இன்னதென்று மற்றொரு வாக்கியத்திற் கூறி அனுப்புக. மூன்றாம் வாக்கியம் வேண்டா. பிரம்பைத் தொடவே கூடாது. சிங்கப்பூரிற் பிரம்படி, தலைமையாசிரியராலோ அவர் அதிகாரமளித்தவராலோ, ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் கொடுக்கப்படும் தண்டனை. ஏனை ஆசிரியர் கைநீட்டுவது குற்றம். தம் ஊர்ப்பழக்கத்தால் ஒரு பிள்ளையின் காதைத் திருகிவிட்டு வேலையிழந்து திரும்பியவர் உண்டு. போகும் நாட்டின் சட்டத்தைக் கப்பலேறுமுன்னரே கற்க.

இனிப் பெற்றோரைப் பற்றிச் சொல்வோம். மலாயாத் தோட்டங்களின் வரலாறு இங்கே நமக்கு வெளிச்சந்தரும். 1816-இல் ஹட்சிங்ஸ் பாதிரியார் பினாங்கில் நிறுவிய பள்ளியோடு அந்நாட்டுத் தமிழ்க்கல்வி தொடங்கியதென்பர். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருள்ள தோட்டம் பள்ளி வைத்தல்வேண்டும் என்று தொழிற்சட்டம் விதித்தது. பல தோட்டங்களிற் கங்காணியோ கணக்கரோ எழுத்தறிந்த கூலியாளோ ஆசிரியராயினர். பெற்றோர் பலர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாமல் பால்மரக் காட்டுக்கு அழைத்துச்சென்றனர். அவர்களை அறிவிலிகள் என்று எழுதியோர் உண்டு. ஆயின் பிள்ளை கொண்டுவரும் சில காசுகளால் அன்றிரவு உலை கொதித்தது என்பதை அவர்கள் எண்ணிப்பார்த்திலர். பெற்றோரின் பிடிவாதத்திற்குக் கீழே எப்போதும் ஓர் அச்சம் உண்டு. அன்று அது பசியைப் பற்றிய அச்சம். இன்று தேர்வைப் பற்றிய அச்சம். அவ்வச்சத்தைக் கண்டுகொண்டவனே பெற்றோரோடு பேசத் தகுதியுடையவன்.

அயல்நாட்டில் எம்மிடம் வந்த பெற்றோர் நால்வகையினர். மதிப்பெண்ணையே கேட்போர் ஒருவகை. “வீட்டில் நாங்கள் தமிழ் பேசுவதில்லை, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்,” என்போர் ஒருவகை. சினந்து வருவோர் ஒருவகை. ஒருநாளும் வாராதோர் ஒருவகை.

மதிப்பெண் கேட்போரிடம் தமிழின் பெருமையைப் பேசுதல் வீண். தேர்வில் வாய்மொழிக்கு இன்ன பங்கு, கேட்டலுக்கு இன்ன பங்கு, கட்டுரைக்கு இன்ன பங்கு என்று விளக்கி, மூன்று மாதத்தில் எதனை உயர்த்தக்கூடும் என்று காட்டுக. வாக்குறுதி மட்டுங் கொடாதொழிக. வீட்டிற் தமிழில்லை என்போரிடம், “வீடு முழுதும் தமிழாகட்டும்” என்று கேட்டால் நாளையே கைவிடுவர். இரவுணவு வேளையிற் பத்து நிமிடம் என்று கேட்டால் இசைவர். பாட்டியோ தாத்தாவோ இருக்கும் வீடாயின் நலம். தேர்வு தரமுடியாத பயனை அவர்கள் தருவார்கள். “இந்த வாரம் உன் பாட்டியிடம் அவர் சிறுவயதில் உண்ட உணவைப் பற்றிக் கேட்டு எழுதிவா,” என்று யாம் இட்ட பணியைச் செய்யாதோர் வகுப்பில் மிகச் சிலரே. தெலுங்கரும் மலையாளிகளுமாகிய பெற்றோர் சிலரும் அங்கே தம் பிள்ளைக்குத் தமிழைத் தெரிந்தெடுக்கின்றனர். அவரிடம், “உங்கள் மொழியை விட்டுவிடாதீர்கள்” என்று முதலிற் சொல்லுதல் முறை. அவ்வொரு சொல்லால் அவர் நம் பக்கம் ஆவர்.

சினந்து வருவோரை எதிர்கொள்ளும் முறையை ஓர் எடுத்துக்காட்டாற் கூறுவோம். ஒரு தாயார் மகளின் கட்டுரை ஏட்டைக் கையிற் பிடித்துக்கொண்டு வந்தார். “சார், என் மகள் இரவெல்லாம் அழுதாள். இந்தச் சிவப்பு மையைப் பாருங்கள்! நீங்கள் ஊரிலிருந்து வந்தவர். எங்கள் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?” என்றார். யாம் இருக்கையைக் காட்டினோம். அமரவில்லை, யாமும் அமராமல் நின்றே கேட்டோம். அவர் முடிக்கும்வரை இடைமறிக்கவில்லை. சொல்லியவற்றைச் சிறு தாளிற் குறித்துக்கொண்டு, “அம்மா, நீங்கள் சொன்னவை மூன்று, சரிதானா பாருங்கள்,” என்று படித்துக் காட்டினோம். அப்போது அமர்ந்தார். ஏட்டைத் திறந்து, பிழைகளைக் காட்டுமுன், அவர் மகள் எழுதியிருந்த ஒரு நல்ல வாக்கியத்தைப் படித்துக் காட்டினோம். பேச்சுச் சற்றே தாழ்ந்தது. சிறிது பொழுதில் அவரே, “எனக்கே தமிழ் சரியாக எழுத வராது சார். அவளுக்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லையே என்றுதான்...” என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். மாணாக்கனிடத்துக் கண்ட அதே வெட்கம் தாயிடத்தும் இருந்தது. அதன்பின் அவ்வகுப்பு ஏடுகளில் சிவப்பு மையை விடுத்தோம். அவர் சொன்னதில் ஒன்றாவது நியாயமாயிருந்தமையால் அதை ஏற்றுக்கொள்வதில் எமக்கு இழுக்கொன்றும் நேர்ந்திலது.

வாராத பெற்றோரை அலட்சியமுடையோர் என்று கொள்ளற்க. இரவு முறையில் வேலை செய்வோர் உளர். ஜொகூரிலிருந்து விடியுமுன் புறப்பட்டுப் பாலத்தைக் கடந்து வேலைக்கு வந்து, இருட்டியபின் திரும்புவோர் உளர். அவர் ஓய்ந்திருக்கும் வேளையைக் கேட்டறிந்து தொலைபேசியிற் பேசுக. மேலும், எந்தப் பெற்றோருக்கும் நாம் அனுப்பும் முதற்செய்தி குற்றச்சாட்டாய் இருத்தல் ஆகாது. ஆண்டின் முதல் மாதத்திலேயே வாரத்துக்கு ஐந்து வீடாக அழைத்து, ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் உண்மையான நல்ல செய்தி ஒன்றைச் சொல்லிவைத்தோம். பின்னர்க் குறை சொல்ல நேர்ந்தபோது, முன்னர்க் கேட்ட அதே குரலாதலின் அவர்கள் செவிசாய்த்தனர்.

சில எல்லைகளையும் நினைவிற் கொள்க. கைத்தொலைபேசியிற் சினந்தெழுதிய செய்தி நள்ளிரவில் வருமாயின், விடையை மறுநாட் காலையில் எழுதுக. ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசும்போது வேறொரு பிள்ளையின் பெயரை எடுக்கற்க. மிரட்டுவோரிடம் தனியே பேசாமல் தலைமையாசிரியரை உடன்வைத்துக்கொள்க; நிகழ்ந்ததை அன்றே நாளிட்டு எழுதிவைக்க. பிள்ளையின் உடலிற் காயமோ உள்ளத்திற் பேரச்சமோ காணின், பெற்றோரிடம் கேட்டுத் தீர்க்க முற்படாமல் உடனே பள்ளியிற் பொறுப்புடையோர்க்குத் தெரிவிக்க. எல்லாப் பிள்ளையும் எல்லாப் பெற்றோரும் நம் அன்பினால் மாறுவர் என்பதன்று எம் கூற்று. மாறாதாரும் உளர். அவரிடத்தும் நம் நடை மாறாதிருத்தலே வேண்டுவது. நல்லாசிரியனுக்குத் துலாக்கோலை உவமை கூறியது நன்னூல். அக்கோல், தட்டில் வைக்கப்படுவது பொன்னாயினும் இரும்பாயினும் தன் நடுநிலை மாறாது.

சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் ஊருக்கு வந்திருந்தபோது, தக்காளி ஏற்றும் வண்டியருகே ஒருவர் எம்மைக் கண்டு, “சார், நல்லாயிருக்கீங்களா?” என்று கேட்டார். அந்தப் பையனே. பெட்டிக் கணக்கைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்கப்பூரில் யாம் பலகையில் எழுதிக்காட்டிய மும்மொழியும் அவர் நாவில் தடையின்றி ஓடின. அன்றைய நிகழ்ச்சியைக் குறித்து மன்னிப்புக் கேட்க வாயெடுத்தோம். அவர் சிரித்து, “எந்தச் சொல் என்று எனக்கு ஞாபகமில்லை சார். சிரித்தது ஞாபகமிருக்கிறது,” என்றார். பின்னர், கணக்கை எழுத அருகிலிருந்த வேறொருவரை அழைத்தார்.

கடல் கடக்கவிருக்கும் இளைய நண்பர்காள்! பெட்டியில் நிகண்டும் இலக்கணமும் வைத்துக்கொள்க, அவை வேண்டுவனவே. அவற்றோடு, வாயிற்படிக்கு வெளியே நின்ற அந்தத் தந்தையின் வேண்டுகோளையும் எடுத்துச்செல்லுமாறு கேட்டுக்கொள்கிறோம். எமக்கு அது விளங்கப் பல ஆண்டுகளும் ஒரு கடலும் வேண்டியிருந்தன. உங்களுக்கு அவ்வளவு வேண்டியிராது என்று நம்புகிறோம்.